மூடிமேல் வைத்த கை

இவாசே கோட்டை விருந்தில் தன் மூத்த மகன் மகொரோகு செத்துப்போன கதையை யஹெய் பல வருஷங்களாகவே சந்தேகித்து வந்தார். சந்தேகம் என்ற சொல்கூடக் கொஞ்சம் பெரிதுதான். இன்ன இடத்தில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட அவரால் முடிந்ததில்லை. காலில் தைத்து உள்ளேயே ஒடிந்துபோன முள், நடமாட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கிடந்து, என்றோ ஒருநாள் அடியெடுத்து வைக்கும்போது சுருக்கென்று தன் இருப்பைச் சொல்லுமே, அப்படி. கதையைச் சொன்னவரும் யாரோ எவரோ இல்லை, அகிட்சுனே பிரபு. மூன்று பள்ளத்தாக்குகளுக்கும் ஓர் ஆற்று முகத்துவாரத்துக்கும் அதிபதி. யஹெய் அவருடைய உப்பைத் தின்கிறவர். மற்ற சாமுராய்கள் இதைப் பேச்சுக்குச் சொல்லிக்கொள்வார்கள், யஹெய்க்கு அதுவே தொழில். பிரபுவின் முன்னால் வைக்கப்படும் எதையும் முதலில் தின்று பார்ப்பதும், தின்றபின் ஒரு துண்டு ஊதுபத்தி எரிந்து அடங்கும்வரை தன் உடம்புக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பதும், அதுவரை கிண்ணத்து மூடியின்மேல் இடது கையை வைத்திருப்பதும் அவருடைய ஊழியம். அந்தச் சற்று நேரம் மட்டும் பிரபுவின் கையையே தடுக்க அவருக்கு உரிமை உண்டு. தளபதிகளுக்குக்கூட இல்லாத உரிமை. மீசை அரும்பிய வயதில் கிடைத்தது, இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது.

இன்றைக்கு முதல் பனி. முதல் பனி விழுந்தால் மதியத்துக்கு வாத்துச்சாறு வேண்டும் என்பது பிரபுவின் வழக்கம். யஹெய் சின்னத் தட்டில் ஊற்றிக் குடித்தாயிற்று, இறைச்சித் துண்டு ஒன்றை மென்று விழுங்கியாயிற்று, மூடியைத் திரும்ப வைத்து அதன்மேல் கையும் வைத்தாயிற்று. பத்தித் துண்டின் நுனியில் சிவப்புப் புள்ளி ஒன்று கண்விழித்திருந்தது. மூடியின் அரக்குப் பூச்சுக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பு உள்ளங்கைக்கு ஏறியது. நாக்கின் ஓரத்தில் லேசான மரமரப்பு. அது மலைமிளகு, வேறொன்றுமில்லை. சமையல்காரன் கென்ஸோ வாத்துக்கு மலைமிளகு தூவாமல் விடமாட்டான். ஆனால் வசநாபிக் கிழங்கின் விஷமும் இப்படித்தான் தொடங்கும், இதே ஓரத்தில், இதே மரமரப்பாக. இரண்டுக்கும் வித்தியாசம் சற்று நேரம் கழித்துத்தான் தெரியும். மிளகு வந்த வழியே திரும்பிப் போய்விடும், நாபி உதட்டுக்கு இறங்கி அங்கிருந்து விரல் நுனிக்கு வரும். இதை மகொரோகுவுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். “விரல் நுனிக்கு வரும்வரை வாயைத் திறக்காதே. மிளகைப் பார்த்து விஷம் என்று கூவியவனுக்கு அடுத்த வேளை சோறில்லை.” அவன் சிரித்தான். “விரல் நுனிக்கு வந்துவிட்டால் மட்டும் உண்டா, அப்பா?” இந்தக் கேள்விக்கு அன்று என்ன பதில் சொன்னோம் என்று யஹெய் யோசித்துப் பார்த்தார். சொன்னதாக நினைவில்லை. சிரித்திருப்பார். இத்தனை வருஷமாக ஒவ்வொரு வேளையும் நாக்கில் ஏதாவது ஊறும்போது அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது, பிறகுதான் பயம். பயம் என்றால் பெரிய பயமில்லை. வீட்டில் வளர்த்த நாய் மாதிரி, வேளை தவறாமல் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும், பத்தி அணைந்ததும் எழுந்து போய்விடும். இன்றைக்கு மட்டும் அது படுக்காமல் நின்றுகொண்டிருந்தது.

“என்ன யஹெய், இன்னும் சாகவில்லையா?” என்றார் பிரபு. கணப்பின்மேல் கைகளைக் காட்டியபடி, முகத்தைத் திருப்பாமலே. இதுவும் தினப்படி நடப்பது. “இன்னும் இல்லை, பிரபு” என்று யஹெய் சொல்ல வேண்டும், சொன்னார். “இந்தச் சோம்பேறித்தனம்தான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது” என்றார் பிரபு, காகிதக் கதவுக்கு அப்பாலிருந்த காவலர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். நேற்றுச் சாப்பாடு முடிந்து தட்டை நகர்த்தும்போது அவர் சொன்னது யஹெயின் காதில் இன்னும் விழுந்துகொண்டிருந்தது, கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற மாதிரி, ஒன்று விழுந்து அடுத்தது விழுமுன் ஓர் இடைவெளி விட்டு. வசந்தத்தில் வடக்கே மோரியா பிரபுவின் கோட்டைக்குச் சமாதான விருந்துக்குப் போகிறேன். சொட்டு. உன் நாக்குக்கு வயதாகிவிட்டது, நீ வர வேண்டாம், கணப்பருகில் இரு. சொட்டு. உன் இளையவன் தோகுஜியை அனுப்பு, நாளை இதே வேளைக்குப் பதில் சொல். உத்தரவு என்றால் பதில் எதற்கு? பிரபு அப்படித்தான், கொடுக்கப்போகிறவனின் வாயாலேயே கொடு என்று வரவழைத்து வாங்கிக்கொள்வார், பிறகு அது நீயாகக் கொடுத்ததாகிவிடும். மகொரோகு விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. அந்தக் குளிர்காலத்தில் யஹெய்க்கு இருந்தது வெறும் இருமல். நாலு நாளில் போயிருக்கும். பிரபுவே ஆள்மூலம் சொல்லி அனுப்பினார், இந்தக் குளிரில் ஆறு தாண்ட வேண்டாம், யஹெய் படுத்திருக்கட்டும், பழகின கை எனக்கு வேண்டும். கூடவே ஒரு பஞ்சு மெத்தை, பட்டு உறை போட்டது. அந்தத் தெருவில் எவன் வீட்டிலும் அப்படி ஒரு மெத்தை இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் படுத்தபடியேதான் யஹெய் சொன்னார், என் மகன் வருவான் என்று. அவராகவே சொன்னார்.

இன்று விடிந்ததும் மனைவி ஃபுமியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கூரையடியில் கட்டியிருந்த உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். திருப்புவதை நிறுத்தவில்லை. “தோகுஜிக்கு மலைமிளகு ஆகாது. பால்குடி மறந்த நாளிலிருந்து தும்முகிறான். அதைச் சொல்லுங்கள்” என்றாள். “பிரபுவிடம் போய்த் தும்மலையா காரணம் சொல்வது?” “உங்களிடம் வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.” அவள் குரலில் கோபமே இல்லை, கடைக்குப் போகிறவரிடம் நல்லெண்ணெய் இல்லாவிட்டால் கடுகெண்ணெய் வாங்கி வாருங்கள் என்கிற தொனிதான். இருந்தால். வேறு காரணம் இருந்தால். அவளுக்குத் தெரியுமோ? அந்தப் பட்டு மெத்தையில் அவள் ஒருநாளும் தலைசாய்த்ததில்லை, பெண்பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு மெத்து என்று சொல்லிவிட்டாள். யஹெய் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். எத்தனை விஷயங்களைத்தான் பணிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று இப்போது நினைத்தார், கை மூடியின்மேல் இருந்தது, வெதுவெதுப்பு முன்னைக்கு ஒரு படி இறங்கியிருந்தது. காரணம் என்ன இருக்கிறது? பயம் காரணமாகாது. சாவதும் காரணமாகாது. சாவதற்குத்தான் வருஷாவருஷம் நெல் வருகிறது, அந்த நெல்லைக் குத்திப் பொங்கித்தான் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தார்கள். வாள் பிடித்தவன் வாளால் போவதும் கிண்ணம் பிடித்தவன் கிண்ணத்தால் போவதும் ஒன்றுதான் என்று மகொரோகுவின் சாவுச் சடங்குக்கு வந்தவர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார். கண்ணீர் விடாமல் சொன்னார். அதைப் பாராட்டினார்கள்.

கதை இதுதான். பிரபு ஒவ்வொரு முதல் பனிக்கும் இதைச் சொல்வார், வாத்துச்சாற்றைக் குடித்துக்கொண்டே, இதே கூடத்தில், ஏனென்றால் இதுதான் அந்த இவாசே கோட்டை, அன்றைக்கு இது அவருடைய தங்கை கணவன் தனேமிச்சியுடையது. இரண்டு வீட்டுக்கும் உடன்படிக்கை, அதைப் புதுப்பிக்க விருந்து, அன்றும் முதல் பனி. வாத்துச்சாறு வந்தது. மகொரோகு குடித்துப் பார்த்தான், பத்தியை ஏற்றினான், மூடியின்மேல் கை வைத்தான். பத்தி அணைந்தது. அவன் கையை எடுக்கவில்லை. “அங்கேதான் உன் வளர்ப்பைப் பார்த்தேன், யஹெய்” என்பார் பிரபு. “அவன் முகத்தில் ஒரு சலனம் இல்லை. விருந்து கொடுத்தவனை அவமானப்படுத்திவிடக் கூடாதே, நிச்சயம் தெரியாமல் சொல்லிவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தான். கல் மாதிரி.” பிறகு விரல்கள் நடுங்கின. “பிரபு, இதைத் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுத் தட்டின்மேலேயே சாய்ந்தான். பிரபு கிண்ணத்தை எடுத்துத் தனேமிச்சியின் மார்பில் வீசினார். இந்த இடத்துக்கு வந்ததும் பிரபுவின் கண்கள் பளபளக்கும், சொல்லிச் சொல்லி அவர் மெருகேற்றிய இடம் இது. “ஆறிப்போன சாறு, மேலே கொழுப்பு வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. அவன் கறுப்பு உடுப்பில் அப்படியே மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கத்தான் அவனுக்கு நேரமிருந்தது, வாளை எடுக்க இல்லை.” கேட்கிறவர்கள் தொடையைத் தட்டுவார்கள். யஹெய் பாயில் நெற்றி படக் குனிவார். குனிந்த தலைக்கு மேலே பிரபு சொல்வார், “உன் மகன் கொடுத்த கோட்டை இது.” மறுநாள் பொழுது சாய்வதற்குள் கோட்டை கைமாறியிருந்தது. பிரபுவின் தங்கை தலையை மழித்துக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போய்விட்டாள், அண்ணனோடு அவள் பிறகு பேசவே இல்லை.

சந்தேகங்கள் இல்லாமலா? வந்தன. வரும், யஹெய் அவற்றுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுவார், வாசலுக்கு வந்த கடன்காரனை இன்றைக்குப் போய் நாளைக்கு வா என்பதுபோல. விருந்துக்குப் போனவர்களிடம் மதில் ஏறும் ஏணிகள் இருந்தது எப்படி என்று ஒரு காலாள் குடித்துவிட்டுக் கேட்டான். பதில்: போர்க்காலத்துப் பிரபு மைத்துனன் வீட்டுக்குப் போனாலும் ஏணியோடுதான் போவார். கட்டிய மனைவியின் அண்ணனைத் தன் வீட்டிலேயே விஷம் வைத்துக் கொல்லத் தனேமிச்சிக்கு என்ன பைத்தியமா? பதில்: இந்தக் காலத்தில் அப்பனை மகன் கொல்கிறான். சாகும் நேரத்தில் நாபி ஏறிய நாக்கு அவ்வளவு தெளிவாகப் பேசுமா? இதற்குப் பதில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் கிடைத்தது: பிரபு அழகுக்காகச் சேர்த்திருப்பார், செத்தவனுக்கு நல்ல பேச்சு ஒன்று கொடுப்பது பெரியவர்களின் பெருந்தன்மை. இப்படி ஒவ்வொன்றும் வந்து வந்து போயிற்று. முள் மட்டும் போகவில்லை. முள் இவற்றில் எதுவுமில்லை என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அது ஒரு கை. காரணம் தெரியாமல் அந்தக் கைதான் திரும்பத் திரும்ப வந்தது. மகொரோகுவைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்தபோது யஹெயும் ஃபுமியும்தான் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார்கள். இடது கை மூடியைப் பிடித்த வளைவிலேயே விறைத்திருந்தது. விரல் விரலாக நீட்டி, துணி நனைத்துத் துடைத்தார். புறங்கை சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான் நினைவு. புறங்கை சுத்தமாக இருந்தது. இதில் என்ன இருக்கிறது, பிணத்தின் கை சுத்தமாக இருந்தால் என்ன? ஆனால் பதினோரு குளிர்காலங்களாகக் கனவில் வருவது அவன் முகமில்லை, அந்தக் கை, சுத்தமாக, ஒரு பூவைப் போல.

சற்று முன்பு தட்டைக் கையில் கொடுக்கும்போது கென்ஸோ சொன்னான், வழக்கமான அங்கலாய்ப்புதான். “ஆறவிட்டுவிடாதீர்கள், ஐயா. பனி நாளில் உங்கள் பத்தி அணைந்து மேலும் கொஞ்ச நேரம் போனால் வாத்துக் கொழுப்பு மெழுகாகிவிடும், பிறகு அது சாறில்லை, விளக்குக்குத்தான் ஆகும். நல்லவேளை நம் பிரபுவுக்குப் பொறுமை கிடையாது. இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் ஒரு தடவைகூட அது உறைந்ததில்லை.” யஹெய் சிரித்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பு கூடம் வரை வந்தது, பாயில் உட்காரும்வரை இருந்தது. இப்போது மூடியின் சூடு இறங்க இறங்க, கென்ஸோவின் சொல் சாற்றிலிருந்து கொழுப்பு மேலே எழும்பி வருவதுபோல மெல்ல எழும்பி வந்து ஒரு வட்டமாகத் திரண்டு நின்றது. ஒரு தடவைகூட உறைந்ததில்லை. ஒரு தடவை உறைந்தது. வெள்ளை வெளேரென்று. அதைச் சொன்னதும் பிரபுவேதான். இதோ பிரபுவின் கை கணப்பைவிட்டுக் கிளம்பிவிட்டது. பத்தி பாதிகூட எரியவில்லை. உண்ணும் குச்சிகளை எடுத்துக்கொண்டு அந்தக் கை வருகிறது, நாற்பது வருஷமாக வருகிற வழியிலேயே வருகிறது, “ஆறுகிறது, யஹெய்” என்கிறார், “இன்னும் கொஞ்சம், பிரபு” என்று யஹெயின் வாய் சொல்கிறது, குச்சி முனையால் புறங்கையில் ஒரு தட்டு. சுள்ளென்று. வலிக்காது, ஆனாலும் வலிக்கும். ஒவ்வொரு வேளையும் விழுகிற தட்டு. சில நாள் ஒன்று, பசி மிகுந்த நாளில் ஐந்தாறு. யஹெயின் இடது புறங்கையில் அந்த இடத்துத் தோல் காய்த்துப் பாதத் தோல்போல ஆகிவிட்டது. மகொரோகு முதன்முதலாக ஊழியத்துக்குப் போன நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கையை நீட்டினான். “அப்பா, எனக்கும் விழுந்தது. மூன்று.” சிவப்பாக மூன்று கோடு. ஃபுமி எண்ணெய் தடவ வந்தாள், அவன் தடவ விடவில்லை, மறைந்துவிடுமாம்.

மூன்று கோடு. பத்தி எரிந்து முடிவதற்குள்ளேயே. அப்படியானால் பத்தி அணைந்தும் கையை எடுக்காத நாளில், பனி நாளில், பிரபுவுக்கு உயிரான வாத்துச்சாறு கண்முன்னால் ஆறிக்கொண்டிருந்த நாளில், எத்தனை விழுந்திருக்க வேண்டும்? தோல் கிழிந்திருக்க வேண்டாமா? இல்லை, பொறு, யஹெய், அவசரப்படாதே என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். மைத்துனன் வீட்டு விருந்து, நாலுபேர் முன்னால் அப்படித் தட்டிக்கொண்டிருப்பாரா? தட்டுவார். தலைநகரத்துத் தூதன் வந்திருந்தபோதுகூடத் தட்டினார், தூதன் திகைத்துப்போனான். செத்த கையில் தட்டின அடையாளம் நிற்குமா, ரத்தம் நின்றதும் மறைந்துவிடாதா? மறையலாம். அது தெரியாது. கையை விட்டுவிடுவோம். ஆனால் கொழுப்பு உறைந்தது. வாசலில் நின்ற கடன்காரன் இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். பசி பொறுக்காத மனிதர் ஒருநாள் பொறுத்தார். கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டவே இல்லை. ஏன் நீட்டவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும், கிண்ணத்துக்குள் எதைப் போடச் சொன்னோம் என்று தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். மகொரோகுவுக்கு என்ன தோன்றியிருக்கும்? நாக்கில் மரமரப்பு, மிளகா நாபியா என்று தெரியவில்லை, அப்பா சொன்னபடி விரல் நுனிக்கு வரட்டும் என்று காத்திருக்கிறான், நிமிர்ந்து பார்க்கிறான், பிரபு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார், தட்டவில்லை, கேலி பேசவில்லை. இன்றைக்கு என்னை மதித்துக் காத்திருக்கிறார் என்று நினைத்திருப்பான். அப்பாவுக்குக் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைத்தது என்று வீட்டுக்கு வந்து சொல்ல நினைத்திருப்பான். பாவி, சந்தோஷப்பட்டிருப்பான். கேடயமாக நின்று அவன் செத்திருந்தால் யஹெய்க்கு வழக்கே இல்லை. கேடயம் அதற்குத்தான். அவனைக் கல்லாக்கி எறிந்து ஒரு மதிலை உடைத்திருக்கிறார். எறிந்த கைக்குப் பட்டு மெத்தை அனுப்பத் தெரிந்திருக்கிறது. பழகின கை வேண்டும் என்று யஹெயை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. கணப்பருகில் இரு. படுத்திரு. வசந்தத்தில் வடக்கே ஒரு மதில் இருக்கிறது, வீட்டில் தோகுஜி இருக்கிறான்.

பத்தி அணைந்தது. சாம்பல் ஒரு வளைந்த நூலாகச் சற்று நின்று, பிறகு சரிந்தது. நாக்கில் மரமரப்பு போய்விட்டிருந்தது, சாற்றில் குற்றமில்லை, கையை எடுத்து “உண்ணலாம், பிரபு” என்று சொல்ல வேண்டிய நேரம். கை எழவில்லை. அதை எடுக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்ததாகவும் இல்லை, அது அங்கேயே இருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்தார், யாருடையதோ போல, காய்த்துப்போன ஒரு கிழவனின் கை.

“பத்தி அணைந்துவிட்டது” என்றார் பிரபு. “நாக்கோடு கண்ணும் போய்விட்டதா?” குச்சி முனை விழுந்தது. “பார்த்தாயா, இதற்குத்தான் இளையவனை அனுப்பு என்கிறேன். யோசித்தாயா?” இரண்டாவது தட்டு. “வாயைத் திற, யஹெய். வருகிறானா இல்லையா?” மூன்று, நான்கு. காய்த்த தோலிலும் சிவப்பு ஏறியது. கதவுக்கு அப்பால் காவலர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். கென்ஸோவின் சாறு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. யஹெய்க்கு ஃபுமியின் தும்மல் காரணம் நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கலாம், உயிர் பிழைக்கிற காரணம் அது. குச்சி மறுபடி ஓங்கியது.

“பிரபு” என்றார் யஹெய், நெற்றியைப் பாயில் வைக்காமல், நேராகப் பார்த்து. “அன்றைக்கு இந்தக் கூடத்தில், பத்தி அணைந்த பிறகும் மகொரோகு இப்படித்தான் கை வைத்திருந்தான். கொழுப்பு உறையும்வரை வைத்திருந்தான். தாங்கள் அவன் கையில் ஏன் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை?”